ஐரோப்பாவிலும் குறையாத இணையத் திருட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுப்படம் வெளியான அன்றே இணையத்தில் கசிந்துவிட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம், ஐரோப்பாவில் இப்படி நடக்குமா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. தாராளமாக நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்குள்ள இணையப் பயனர் ஒருவர் சராசரியாக மாதத்துக்குப் பத்து முறை திருட்டுத் தளங்களுக்குச் செல்கிறார். அவற்றில் ஏறத்தாழப் பாதி தொலைக்காட்சித் தொடர்களுக்காகவும் நிகழ்ச்சிகளுக்காகவும்தான். அதே ஆண்டு அந்த அலுவலகம் நடத்திய கருத்துக்கணிப்பிலோ, தெரிந்தே திருட்டுத் தளங்களைப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. 15 முதல் 24 வயது வரையிலானவர்களில் அது 33 விழுக்காடு. முதல் கணக்கு வருகைகளை எண்ணுகிறது. இரண்டாவது, மனிதர்கள் வாய்திறந்து சொன்னதை எண்ணுகிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

நாடுகளை ஒப்பிட்டால், எஸ்டோனியாவும் லாட்வியாவும் சராசரியைவிட வெகுவாக மேலே நிற்கின்றன. அரசுப் பணிகளையெல்லாம் இணையத்துக்குக் கொண்டுசென்றதற்காக நாம் வியந்து பாராட்டுகிற அதே எஸ்டோனியாதான். ஜெர்மனி சராசரிக்குக் கீழே உள்ளது. ஜெர்மானியர்கள் இயல்பிலேயே நேர்மையானவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. பயனர்கள் கோப்புகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் டோரன்ட் முறை வழியாகப் படத்தை இறக்குபவரின் கணினி, இறங்கிய துண்டுகளை உடனுக்குடன் மற்றவர்களுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கும். அப்போது வெளியே தெரியும் ஐ.பி. முகவரியை, அதாவது இணைய இணைப்பின் அடையாள எண்ணை, பட பட உரிமையாளரின் ஆட்கள் குறித்துக்கொண்டு, நீதிமன்ற ஆணை பெற்று, இணைய நிறுவனத்திடமிருந்து சந்தாதாரரின் பெயரை வாங்கிவிடுவார்கள். பிறகு, சில நூறு யூரோ கேட்டும், இனி இவ்வாறு செய்வதில்லை என்று எழுதித் தரச் சொல்லியும் வழக்கறிஞரின் கடிதம் வீடு தேடி வரும். இணைப்பு குடும்பத் தலைவரின் பெயரில் இருப்பதால், பிள்ளை இறக்கிய படத்துக்கும் கடிதம் பெரும்பாலும் அவருக்கே வரும். படத்தை இறக்காமல் இணையத்திலேயே ஓடவிட்டு, அதாவது ஸ்ட்ரீமிங்கில், வெறுமனே பார்ப்பவரின் முகவரி அவ்வாறு எளிதில் வெளிப்படுவதில்லை. எனவே இந்த அச்சம் அங்கே அவ்வளவாக எட்டுவதில்லை. ஒன்றியம் முழுவதும் இன்று பெரும்பகுதித் திருட்டு ஸ்ட்ரீமிங்கில்தான் நடக்கிறது.

ஆகவே, கெடுபிடி மட்டும் போதும் என்ற வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. இசைத் திருட்டு மற்றவற்றோடு ஒப்பிடுகையில் மிகக் குறைவு. ஒரே சந்தாவில் ஏறக்குறைய எல்லாப் பாடல்களும் கிடைத்துவிடுவது அதற்கு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். கால்பந்து ரசிகரின் நிலை வேறு. ஜெர்மனியின் முதன்மைக் கால்பந்துத் தொடரான பன்டெஸ்லிகாவின் ஆட்டங்கள் அனைத்தையும் நேரலையில் பார்க்க அவர் ஸ்கை, டாசோன் ஆகிய இரு கட்டண ஒளிபரப்புச் சேவைகளுக்கும் பணம் கட்ட வேண்டும். மேற்சொன்ன கருத்துக்கணிப்பில், திருட்டைக் கைவிட எது தூண்டும் என்ற கேள்விக்கு, கட்டுப்படியாகும் விலையில் முறையான சேவை என்று 43 விழுக்காட்டினர் பதிலளித்திருப்பதை ஒளிபரப்பு உரிமையை ஏலம் விடுபவர்கள் கவனிக்க வேண்டும்.

தங்கள் வாசகர்,
டோர்ட்முண்ட், ஜெர்மனி