பந்துக்கு முதுகைக் காட்டாதே

அன்புள்ள முத்துக்குமாருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உங்கள் கம்பெனி லீக் கால்பந்து ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்தேன். போனில் சொன்னால் "சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் வாங்கிய இரண்டாவது கோலைப் பற்றித்தான். நடுவர் கெடுத்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அவர் கொடுத்த ஃபவுல் எனக்கும் ஃபவுலாகத் தெரியவில்லை. உங்கள் பையன் பந்தைத்தான் தட்டினான். அதுவரை நான் உன் பக்கம். அதற்குப் பிறகு நடந்ததை நிறுத்தி நிறுத்திப் பார். உங்களில் ஐந்து பேர் நடுவரைச் சூழ்ந்துகொண்டீர்கள். ஒருவன் அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டுகிறான். இன்னொருவன் கையை விரித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்க்கிறான். உன் இடது பேக், இடப்பக்கம் தடுத்து ஆட வேண்டியவன், பந்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். அவன் விட்டு வந்த இடத்துக்குத்தான் எதிரணி பந்தைத் தூக்கிப் போட்டது. நடுவர் அட்டையை எடுக்கவில்லை, விசிலுக்குக் காத்திருக்கவும் சொல்லவில்லை. ஃபவுலுக்காகக் கிடைத்த ஃப்ரீ கிக்கை அவர்கள் உடனே அடித்தது விதிப்படி சரி. ஃபவுலைக் கொடுத்தவர் நடுவர்தான், ஆனால் கோலைக் கொடுத்தது நீங்கள்.

நீ இருக்கும் பெங்களூரிலேயே, கண்டீரவா மைதானத்தில், 2023 மார்ச் 3 அன்று நடந்ததை மறந்துவிட்டாயா? ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக்கின் பிளேஆஃப், கூடுதல் நேரம், 96வது நிமிடம். கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்கள் தடுப்புச் சுவர் அமைப்பதற்குள் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்துவிட்டார். கோல் என்றார் நடுவர். கேரளா பயிற்சியாளர் வுகோமனோவிச் தன் அணியையே வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. வெற்றி பெங்களூருக்குப் போனது, கேரளா கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டங்கள் தடை. அவர்கள் கோபம் நியாயமா இல்லையா என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. இருபது நிமிடத்துக்கு மேல் ஆட்டம் மிச்சம் இருந்தது. ஒரு கோல் அடிக்க அது போதாதா? அதையும் சேர்த்தல்லவா விட்டுக் கொடுத்தார்கள்!

நீ கேப்டன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடிய அர்ஜென்டினாவின் கேப்டன் ராட்டின், நடுவரிடம் ஓயாமல் வாதாடி முதல் பாதியிலேயே வெளியேற்றப்பட்டார். நடுவர் ஜெர்மானியர், இவர் பேசியது ஸ்பானிஷ். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை. மைதானத்தை விட்டுப் போகவே மறுத்து வெகுநேரம் நின்றார். பத்துப் பேரோடு ஆடிய அணி 1-0 என்று தோற்றது. அந்தக் குழப்பத்தைப் பார்த்துத்தான் கென் ஆஸ்டன் என்ற நடுவர் மஞ்சள், சிவப்பு அட்டைகளை யோசித்தார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அவை வந்தன. 2024 யூரோ என்கிற ஐரோப்பியக் கோப்பையில் இன்னும் ஒரு படி மேலே போய், முடிவுக்கு விளக்கம் கேட்க கேப்டன் மட்டுமே நடுவரிடம் வரலாம் என்று வைத்தார்கள். மற்றவர் வந்து முறையிட்டால் மஞ்சள் அட்டை.

நடுவர் தவறே செய்யமாட்டார் என்று நான் சொல்லவில்லை. பள்ளி ஆட்டங்களுக்கு நான் விசில் ஊதியது உனக்குத் தெரியும். அரசரடி ரயில்வே மைதானத்தில் சாயங்கால வெயில் நேரே கண்ணில் அடிக்கும். இரண்டு கால்கள் மோதும்போது எது முதலில் பந்தைத் தொட்டது என்பது இமைக்கும் நேரத்துச் சமாச்சாரம். நடுவே ஒரு டிஃபெண்டர் உடம்பு வந்துவிட்டால் அதுவும் தெரியாது. பார்த்ததை மட்டும்தான் ஊதலாம். ஊதி, ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் நடுவரே நினைத்தாலும் முடிவை மாற்ற முடியாது. பிறகு எதற்காக அந்தக் கூச்சல்?

அங்கே ஆடிய ஒரு பெண்கள் அணியின் கேப்டன் இன்னும் என் கண்ணில் நிற்கிறாள். அவர்கள் அடித்த கோல் ஆஃப்சைடு என்று கொடி உயர்ந்தது. இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். அவள் குறுக்கே நின்று, இருவர் தோளையும் பிடித்துத் திருப்பி, "உன் ஆளைப் பிடி" என்று மட்டும் சொன்னாள். மூச்சு விடுவதற்குள் எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். அன்று அவர்கள் தோற்றார்கள். ஆனால் கோபத்தில் ஒரு கோல்கூட வாங்கவில்லை.

உன் அணிக்கு இதைப் பழக்கு. பயிற்சி ஆட்டத்தில் வேண்டுமென்றே தவறாக ஊதச் சொல். விசில் கேட்டதும் முதல் ஆள் பந்துக்கு முன்னால், விதிப்படி தள்ளிப் போய் நிற்கட்டும், மற்றவர்கள் தங்கள் இடத்துக்கு ஓடட்டும். கேட்க வேண்டியதை நீ மட்டும் கேள், அதுவும் ஆட்டம் நின்றிருக்கும்போது. "அது ஃபவுலே இல்லை" என்று ஆரம்பித்தால் எந்த நடுவரும் காதை மூடிக்கொள்வார். "எதற்காகக் கொடுத்தீர்கள் சார்?" என்று கேட்டால் பதில் சொல்வார். எனக்குத் தெரிந்து சொல்லாதவர்கள் குறைவு. அந்தப் பதிலை அப்படியே உன் டிஃபெண்டர்களிடம் சொல். அன்றைக்கு அந்த நடுவர் எதை விடுவார், எதை ஊதுவார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் போன் செய். யார் ஜெயித்தார்கள் என்பதை அப்பாவிடம் சொல். என்னிடம் உன் இடது பேக் விசில் கேட்டதும் எந்தப் பக்கம் ஓடினான் என்று சொல்.

அன்புடன்,
அம்மா
மதுரை