தற்காப்புக் கலை கற்றுத்தரும் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாஸ்டர்களுக்கு, வணக்கம்.

கராத்தே, ஜூடோ, குத்துச்சண்டை, தாய்லாந்தின் அடி-உதைச் சண்டையான முவாய் தாய் என எதை நீங்கள் கற்றுக்கொடுத்தாலும், உங்களிடம் வருகிறவர்கள் கேட்பது இரண்டுதான். உடம்பு உரமேற வேண்டும், மனசு லேசில் கலங்காமல் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் இந்தக் கலைகளால் தர முடியும் என்று முழுசாக நம்புகிறவன் நான். பல வருடம் பாயில் விழுந்து எழுந்து கற்றவன். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்: உரமேற்றுகிறோம் என்று சொல்லிப் பல பயிற்சிக் கூடங்களில் செய்வது மாணவர்களை உடைக்கிறது. அதை நிறுத்த உங்களைத் தவிர வேறு யாராலும் முடியாது.

முதலில் எலும்பு. சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதினார். முவாய் தாய் வீரர்களின் காலின் முன் எலும்பு உறுதியாவது தொங்கவிட்ட கனமான பயிற்சிப் பையை வருடக்கணக்கில் உதைத்து உதைத்துத்தான். ஆனால் உதைக்கும் நேரத்தில் எலும்பு பலம் பெறுவதில்லை. பழசைக் கரைக்கும் செல்கள் முதலில் வருகின்றன, புதுசாகக் கட்டும் செல்கள் அதற்குப் பின்னால் வருகின்றன. ஒரு சுற்று முடியச் சில மாதங்கள் ஆகும். கரைந்துகொண்டிருக்கும் இடத்தையே ஓய்வில்லாமல் அடித்தால் மயிரிழை விரிசல்தான் மிஞ்சும். தசை சில வாரங்களிலேயே பலம் காட்டிவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அந்த வேகத்துக்கு வராது. அதனால்தான் புதிதாகச் சேர்ந்த ஒருவர் 'இப்போது நல்ல பலம் வந்துவிட்டது' என்று வேகம் கூட்டுகிற அதே நேரத்தில் முழங்கையோ முட்டியோ பிடித்துக்கொள்கிறது.

சிறுவர்கள் விஷயம் இன்னும் கவனமானது. அவர்கள் எலும்பின் நுனியில் வளரும் குருத்துப் பகுதி பதின்ம வயதின் பிற்பகுதி வரை மூடுவதில்லை. பத்து வயதுப் பிள்ளையை சிமெண்ட் தரையில் முஷ்டி ஊன்றித் தண்டால் எடுக்கச் சொல்வதும், விழாவுக்காக ஓடு உடைக்க வைப்பதும் எந்த உரத்தையும் தராது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

எலும்புக்காவது உரமேறும். மூளைக்கு ஏறவே ஏறாது. தலையில் தொடர்ந்து அடி வாங்கிய குத்துச்சண்டை வீரர்களிடம் நடை தள்ளாடுவதையும் புத்தி மந்தமாவதையும் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லாண்ட் 1928-ல் பதிவு செய்தார். ஒருமுறை அதிர்ந்த மூளை ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அது சின்ன அடியாக இருந்தாலும், மூளை வீங்கி உயிர் போகலாம். அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர். ஜப்பானில் 1983-லிருந்து சுமார் முப்பது ஆண்டுகளில் பள்ளி ஜூடோவில் மட்டும் நூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். தலைக்காயம்தான் அதில் முக்கியக் காரணம். இறந்தவர்களில் பலர் விழக்கூட ஒழுங்காகக் கற்றிராத புதியவர்கள். ஜூடோ பிறந்த நாடு அது. அந்த நாட்டின் ஜூடோ கூட்டமைப்பே, வெற்றி வெறி எல்லை மீறுகிறது என்று 2022-ல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் தேசியப் போட்டியை நிறுத்தியது. அவர்களுக்கு அந்தத் துணிவு இருந்தது. நமக்கும் இருக்க வேண்டும்.

சரி, மனசுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

முதல்முறை ஸ்பாரிங்கில், அதாவது துணையோடு போடும் பயிற்சிச் சண்டையில், நிற்கிறவரைப் பாருங்கள். கை தன்னை நோக்கி வந்ததும் கண் மூடிக்கொள்ளும், மூச்சு நின்றுபோகும், தோள் காதுவரை ஏறும். 'பயப்படாதே' என்று ஓரத்திலிருந்து கத்தினால் இது மாறாது. பயத்துக்கு நடுவிலும் யோசிக்க முடிகிற அளவில் அவரைத் திரும்பத் திரும்ப நிறுத்தினால் மாறும். இதைத்தான் உளவியலாளர் டொனால்டு மைக்கன்பாம் தடுப்பூசியோடு ஒப்பிட்டார்: தாங்கக்கூடிய சின்ன அளவு நெருக்கடியைக் கொடுத்து, கூடவே அதைச் சமாளிக்கும் வழியையும் கற்றுக்கொடுத்து, பிறகு அளவைக் கூட்டுவது. பாதி வேகத்தில் ஒருவர் ஜேப் என்கிற நேர் குத்து மட்டும் போட, மற்றவர் தடுக்க மட்டும் செய்யட்டும். ஒவ்வொரு தடுப்பிலும் மூச்சை வெளியே விடட்டும். நீளமாக மூச்சை விடும்போது இதயத் துடிப்பு தணியும், கண் திறக்கும். சில வாரத்தில் அதே ஆள் அடி வரும் திசையைப் பார்த்து நகர்வார்.

தரைச் சண்டையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கனமான ஒருவர் நெஞ்சின் மேல் படுத்திருக்க, மூச்சு முட்டுகிறது, உடம்பு முழுக்க 'தள்ளு, ஓடு' என்கிறது. அங்கே முழங்கையை உள்ளே கொண்டுவந்து, சின்னச் சின்ன மூச்சாக எடுத்து, ஒரு இடைவெளி வரும்வரை காத்திருக்கப் பழகுகிறவருக்கு வேறு இடத்தில் மனவுறுதிப் பாடம் தேவையில்லை. கையையோ கழுத்தையோ எதிராளி பிடித்துப் பூட்டிவிட்டால் தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டுவது, உடனே எழுந்து கைகொடுத்து மறுபடி தொடங்குவது என்பதும் அதே பாடம்தான். ஒரே மாலையில் பலமுறை தோற்று, ஒவ்வொரு முறையும் திரும்பி வருவது எவ்வளவு பெரிய பயிற்சி! 1882-ல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகாரோ கானோ, எதிர்த்து நிற்கும் துணையோடு தாராளமாகப் பயிலும் முறையை அதன் மையத்தில் வைத்தார். தானும் துணையும் சேர்ந்தே வளர வேண்டும் என்பதைக் கொள்கையாகவும் வைத்தார்.

இதற்காக வகுப்பை மெத்தென்று ஆக்கச் சொல்லவில்லை. எதிர்க்கும் ஆளே இல்லாமல், காற்றில் அசைவுகளைச் செய்ய வைத்து, பெல்ட்டுக்கு மேல் பெல்ட் கட்டி அனுப்பும் கூடங்களும் மாணவரை ஏமாற்றுகின்றன. கஷ்டம் வேண்டும். அது கலையைக் கற்பதிலேயே இருக்க வேண்டும், அவமானத்தில் அல்ல.

தாமதமாக வந்ததற்கு நூற்றுக்கணக்கில் தண்டால், தண்ணீர் கேட்டால் கோழை என்ற பட்டம், அழுத பிள்ளையை எல்லார் முன்னாலும் நிறுத்துவது. இவையெல்லாம் மாணவருக்கு ஒன்றைத்தான் கற்றுத்தருகின்றன: காயத்தை மறைக்க. அளவு மீறிய தண்டனைப் பயிற்சியில் தசை சிதைந்து, சிறுநீர் கருத்து, சிறுநீரகம் செயலிழப்பது மருத்துவமனைகளுக்குத் தெரிந்த கதை. எடை குறைக்கத் தண்ணீரை விட்டு, சூடான அறையில் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்த மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் 1997-ன் இறுதியில் சில வார இடைவெளியில் இறந்தார்கள். எடை குறைப்பு பற்றிய விதிகள் அங்கே மாறியது அதற்குப் பிறகுதான்.

'எங்கள் மாஸ்டர் எங்களை இப்படித்தான் வளர்த்தார், நன்றாகத்தானே இருக்கிறோம்' என்பீர்கள். நீங்கள் நின்றீர்கள், உண்மை. உங்களோடு சேர்ந்து பாதியில் போனவர்கள் இதைச் சொல்ல அங்கே இல்லை. உங்களை நிற்க வைத்தது அந்த அடியா, அல்லது அதற்கு நடுவிலும் உங்கள் மாஸ்டர் காட்டிய அக்கறையா என்று யோசித்துப் பாருங்கள்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள விஷயங்கள் இல்லை. வீசக் கற்றுக்கொடுப்பதற்கு முன் விழக் கற்றுக்கொடுங்கள். தலையில் அடிபட்டுத் தலைசுற்றல், குமட்டல், தடுமாற்றம் எது வந்தாலும் அன்றைக்கு அவருக்குப் பயிற்சி முடிந்தது, மருத்துவர் சொல்லாமல் ஸ்பாரிங் கிடையாது என்று எழுதி ஒட்டுங்கள். தட்டியவரைக் கிண்டல் செய்ய யாரையும் விடாதீர்கள். தண்ணீருக்கு அனுமதி கேட்கும் வழக்கத்தை எடுத்துவிடுங்கள். அப்புறம், அடுத்த வகுப்பில் ஒவ்வொரு மாணவரையும் தனியாகக் கூப்பிட்டு, எங்காவது வலியை என்னிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறாயா என்று கேளுங்கள். சொன்னால் திட்டமாட்டேன் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அன்புடன்,
கூடத்தில் வளர்ந்த ஒரு மாணவன்