மர்மக் கதைக்கும் கடல் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் மர்மம், அறிவியல் புனைவு, மாயக் கதை என்று சிறுகதைகளுக்கு இடம் ஒதுக்குவது நல்ல காரியம். ஆனால் கதை ராமநாதபுரம் கரைக்கு வந்ததுமே, கடல் எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்ததுபோல் ஆகிவிடுகிறது. குடும்பக் கதையில் காற்றின் திசை தப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. மர்மக் கதையில் அந்தத் திசையே துப்பாக இருக்கலாம். அது தப்பினால் கதை படுத்துவிடும்.

எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய கதையைத்தான் துப்பறியும் சிறுகதைகளின் தொடக்கம் என்பார்கள். பூட்டிய அறைக்குள் கொலை. ஜன்னலில் ஆணி அடித்திருக்கிறது, அந்த வழியாக யாரும் போயிருக்க முடியாது என்று போலீஸ் விட்டுவிடுகிறது. துப்பறிபவர் ஆணியின் தலையைத் தொடுகிறார். கால் அங்குலத் துண்டோடு தலை கையில் வந்துவிடுகிறது. உள்ளே முறிந்த ஆணி, பார்வைக்கு முழுசாகத் தெரிந்திருக்கிறது. இந்தக் கடற்கரைக்கும் இப்படிப்பட்ட ஆணிகள் உண்டு. எழுதுகிறவர்கள்தான் தொட்டுப் பார்ப்பதில்லை.

கொலைகாரனின் காலடித் தடத்தை ஏற்றநீர் வந்து அழித்தது என்று எழுதுகிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பத்து மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். அந்த ஊர்க் கதையில் இது பொருந்தும். பாக் விரிகுடாவில் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. தனுஷ்கோடி மணலில் தடம் அழிய வேண்டுமென்றால் ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றை அடிக்க விடுங்கள், மணலே தடத்தை மூடிவிடும். அதே தடம் காற்றுக்கு மறைவாக, கவிழ்த்துப் போட்ட வல்லத்தின் (நாட்டுப்படகின்) பக்கத்தில் மட்டும் அழியாமல் கிடந்தால் அது நல்ல துப்பு.

பாம்பன் கால்வாயின் நீவாடு, அதாவது நீரோட்டம், இன்னும் உதவும். வடகிழக்குப் பருவமான வாடைக் காலத்தில் நீர் வடகடலிலிருந்து (பாக் விரிகுடா) தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) ஓடும். கச்சான் காலத்தில் திசை மாறித் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். கார்த்திகையில் பாலத்திலிருந்து வீசிய மரப்பெட்டி மறுநாள் வடகரையில் ஒதுங்கியதாக ஒருவன் சாட்சி சொன்னால் அவனைச் சந்தேகிக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம், பாம்பன் வாசகர் யாரும் பிடித்துவிடுவார். ஆனால் கதை எந்த மாதத்தில் நடக்கிறது என்று முதல் பத்தியிலேயே சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் சொன்னால் அது ஏமாற்று.

"அன்று நான் கடலில் இருந்தேன்" என்று தப்பிக்கப் பார்க்கும் பாத்திரத்துக்கும் கணக்கு உண்டு. ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி என்று மூன்று நாள்தான் மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டான டோக்கன் வாங்கிப் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே மே மாதக் கதையில் ஒருவன் விசைப்படகில் போனேன் என்றால் பொய், வல்லத்தில் போனேன் என்றால் விசாரிக்க வேண்டிய விஷயம்.

ரயிலில் வந்து இறங்கும் கொலைகாரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 டிசம்பர் 23 முதல் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடவில்லை. புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6இல்தான் திறந்தது. 2024இல் நடக்கும் கதையில் ராமேஸ்வரம் ஸ்டேஷனில் யாரும் இறங்க முடியாது; மண்டபத்தோடு சரி, மிச்சத் தூரம் பஸ்தான். பேய் ரயில் கதைகளில் வேறு தவறு. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் போனது பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர். இலங்கைக் கப்பலுக்கு ஆள் கொண்டுபோன போட் மெயிலை மூழ்கடித்து எழுதுவதை நிறுத்தலாம். அந்தப் பாசஞ்சரில் போனவர்களின் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பேயை எழுதுகிறவர்கள் அதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

அறிவியல் புனைவில் பெரிய வேடிக்கை நீர்மூழ்கி. பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். அணு நீர்மூழ்கியின் உடலே ஏறக்குறைய அவ்வளவு உயரம் இருக்கும். ரகசியமாக ஒளிந்துகொள்ளுமாம்! மன்னார் வளைகுடாவில் தெற்கே இறங்கினால் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கும், அங்கே ஒளித்து வையுங்கள். வேற்றுக்கிரகம் வரை போகாமலே விசித்திரம் வேண்டுமென்றால் பூங்கோரை இருக்கிறது. சில வருடங்களில் செப்டம்பர், அக்டோபரில் அந்த நுண்பாசி பெருகி மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகும், நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் செத்து ஒதுங்கும். ஊரே விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஒருவனைப் பிடிக்கிறது, உண்மையில் குற்றவாளியே இல்லை. இதைவிடப் புதிர் வேண்டுமா?

மாயக் கதைக்காரர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. ஒரு கதைக்கு ஒரு அதிசயம் போதும். கடல் பசு பேசட்டும், பரவாயில்லை. ஆனால் அது கடல் புல் தின்கிற, சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு விட மேலே வருகிற பிராணி என்பதை மாற்ற வேண்டாம். பேசுகிற வாக்கியமும் அந்த மூச்சுக்குள் முடிந்தால் அழகு.

உங்களுக்கு இரண்டு வேண்டுகோள். அறுநூறு வார்த்தையில் மர்மக் கதை மூச்சுத் திணறும். ஆயிரத்து இருநூறாவது கொடுங்கள். சந்தேகத்துக்குரியவர் மூன்று பேர் போதும், நாலாவது ஆளுக்குக் குணம் கொடுக்க இடமிருக்காது. துப்பு முதல் முந்நூறு வார்த்தைக்குள், இரண்டு சாதாரணப் பொருளுக்கு நடுவில் வர வேண்டும். கடலிலிருந்து இப்போதுதான் கரையேறினேன் என்கிறவன் வீட்டுத் திண்ணையில் தூக்குவாளி, காய்ந்த வலை, பனையோலைப் பெட்டி. வலையைக் கடைசியில் வைத்தால் வாசகர் கண் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவது, விடையை அதே பக்கத்தில் தலைகீழாக அச்சிடாதீர்கள். கதையை விடைக்கு முன்னால் நிறுத்தி, அடுத்த ஞாயிறு விடையைப் போடுங்கள். நடுவில் வரும் வாசகர் கடிதங்களில் கடல் பற்றிய திருத்தம் இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
பாம்பன்.