பத்து ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நன்றி

எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ தொடரைக் கூடவே பார்த்த எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயிறோடு பத்து எபிசோடும் முடிந்தது. பாயைச் சுருட்டி வைக்கிற நேரத்தில் எனக்கு வார்த்தை வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி சுபேதார் ஐயாவுக்கு. 2001இல் அமெரிக்க டி.வி. சேனல் எச்.பி.ஓ.வில் வந்த தொடர், அதுவும் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் கதை. நம் தெருவுக்கு ஒட்டுமா என்று பயந்துகொண்டே இருந்தேன். அந்த வீரர்களின் படைப்பிரிவான ஈஸி கம்பெனி பையன்கள் பயிற்சியில் குர்ராஹி மலையில் மூன்று மைல் ஏறி மூன்று மைல் இறங்கி ஓடியபோதே நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். அவர்களைப் பயிற்சியில் வாட்டிய கேப்டன் சோபலை எல்லாரும் திட்டினோம். நீங்கள் மட்டும், “அந்த ஆள் படுத்திய பாட்டில்தான் இவனுங்க ஒண்ணு சேர்ந்தானுங்க” என்றீர்கள். நாலு தடவை பார்த்த எனக்கு அது தோன்றவே இல்லை, ஐயா.

இஸ்திரி அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? பிரான்ஸின் நார்மண்டியில் சண்டை போட்டு இங்கிலாந்து திரும்பிய வீரன் மலார்க்கி சலவைத் துணியை வாங்கப் போகிறான். துணி வெளுக்கிற அம்மா, மற்றவர்கள் துணியையும் எடுத்துப் போகிறாயா என்று ஒவ்வொரு பெயராகப் படிக்கிறார். எல்லாம் செத்துப்போனவர்கள், காயம்பட்டவர்கள் பெயர். அவன் எதுவும் சொல்லாமல் நிற்கிறான். “கட்டி வச்ச மூட்டைய வாங்க ஆள் வரலைன்னா அதப் பாக்கவே முடியாதும்மா” என்று சொல்லிவிட்டு நீங்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தீர்கள். குண்டு வெடித்த எந்தக் காட்சியிலும் மாடி அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

ஆறாம் எபிசோடு, நர்ஸ் அம்மா, உங்களுடையது. 1944 டிசம்பர், பெல்ஜியத்தின் பாஸ்டோன் காடு, சுற்றிலும் ஜெர்மானியர்கள். மருத்துவ உதவியாள் ரோ பதுங்குகுழி பதுங்குகுழியாகப் போய்க் கத்தரிக்கோல் கேட்கிறான், மார்ஃபின் கேட்கிறான். “கத்தரிக்கோல்கூட இல்லாம என்னடா பண்ணுவ” என்று திரையைப் பார்த்தே பேசினீர்கள். குண்டில் செத்துப்போன நர்ஸ் ரெனேயின் நீலத் தலைத்துணியைக் கிழித்து அவன் கட்டுப்போட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

ஆங்கில வசனத்தை உடனுக்குடன் தமிழில் சொன்ன தம்பிக்கு அடுத்த நன்றி. ஈஸி கம்பெனி வீரர் பிளைத் 1948இல் இறந்ததாகத் தொடரில் போட்டது தவறு, உண்மையில் அவர் 1967 வரை இருந்தார் என்று தேடிச் சொன்னாயே, அதற்குத் தனி நன்றி. அந்த மனிதருக்கு அவ்வளவாவது செய்ய வேண்டும். எபிசோடு தொடக்கத்தில் பேசுகிற தாத்தாக்கள் யார் என்று எத்தனை பேர் கேட்டும் நீ வாய் திறக்கவில்லை. கடைசியில் பெயர் வந்தது. கால் போய்க் கிடந்த டோயை இழுத்துவர ஓடித் தன் காலையும் இழந்த கார்னியர் இந்தத் தாத்தாதான் என்று தெரிந்ததும், “ஐயோ, இவரா!” என்று மாடியே எழுந்துவிட்டது.

புரொஜெக்டர் தந்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், கரண்ட் போன அன்று இன்வெர்ட்டரைத் தூக்கிவந்த பையன்களுக்கும் நன்றி.

அப்புறம் சுபேதார் ஐயா, அன்று எல்லாரும் போனபிறகு மாடிப்படியில் நின்று ஒரு பழைய ரெஜிமெண்ட் நண்பரிடம் போனில் மலையாளத்தில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள். அவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
மாடி வீட்டுப் பெண்