ஒரு போன் பண்ணியிருக்கலாம்

கோத்தகிரி
வியாழன் இரவு

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் நல்ல சுகம். முழங்கால் மட்டும் வானிலை அறிக்கைக்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது. அங்கே நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் பண்ணினால் மீட்டிங்கில் இருக்கிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இதை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். பகலில் வீடு பூட்டிக்கிடந்தால் தபால்காரர் திருப்பிவிடுவார். வேறு காரணம் இல்லை.

ஊர்ச் செய்தி: கரடி மறுபடி வந்துவிட்டது. கீழ்த்தெரு பேக்கரியின் பின்கதவைத் தள்ளி உள்ளே போய், எண்ணெய் டின்னைக் கவிழ்த்து நக்கிவிட்டு, வர்க்கியைத் தொடாமல் போயிருக்கிறது. ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது அதற்குத் தெரியாது போல. பசுந்தேயிலை விலை இறங்கித்தான் கிடக்கிறது; பக்கத்து வீட்டில் தோட்டத்தைக் கவாத்து வெட்டிப் போட்டுவிட்டு மகனைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். போன வாரம் கல்லறைத் தோட்டத்தில் மூன்று காட்டெருமைகள், அப்பாவுக்குப் பக்கத்திலேயே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. நான் விரட்டவில்லை. அவருக்கும் பேச்சுத் துணை வேண்டும்.

சரி, அறுப்பின் பண்டிகை.

மே மாதம் நீ வந்திருந்தபோது, அறிவிப்பு நேரத்தில் ஆயர் ஐயா, ஆர்கன் வாசிக்கிறவருக்குக் கண் ஆபரேஷன், பண்டிகைக்கு என்ன செய்யப்போகிறோமோ என்றார். அவர் உன்னைக் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. நீயாகத்தான் மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்து, "நான் வந்து வாசிக்கிறேன் ஐயா" என்றாய். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாலு பேரிடம் சொன்னேன். நாலு என்ன, பதினாலு பேரிடம் சொல்லியிருப்பேன்.

பாடகர் குழு ஆறு வாரம் பயிற்சி செய்தார்கள், நீ சொன்ன சுதியிலேயே. ஒன்பது மணி ஆராதனை. ஒன்பது இருபத்தைந்து வரை பார்த்தோம். உன் போன் அணைந்திருந்தது. ஆயர் ஐயா என்னைப் பார்த்தார். நான் பீடத்தின் முன்னால் குவித்திருந்த காரட்டைப் பார்த்தேன். கடைசியில் உபதேசியார்தான் பாட்டை எடுத்தார்; எடுத்த எடுப்பில் உச்சஸ்தாயி. இரண்டாம் அடிக்குப் போவதற்குள் பெண்கள் பக்கம் எல்லோரும் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டோம். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் தாங்க முடியவில்லை. அப்புறம் காணிக்கைக் காய்கறி ஏலத்தில் ஒருத்தர் ஒரு முட்டைக்கோஸை 1,200 ரூபாய்க்கு எடுத்து என் கையில் கொடுத்து, "டீச்சர், தம்பி வந்தால் சமைத்துப் போடுங்கள்" என்றார். அது பிரியமா குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கோஸ் இன்னும் சமையலறை ஜன்னலில்தான் இருக்கிறது. மேல் இலை வாடிவிட்டது.

ஒரு போன் பண்ணியிருக்கலாம். "அம்மா, வர முடியவில்லை" என்று மூன்றே வார்த்தை. வராதது குற்றம் என்று நான் சொல்லவில்லை. சொல்லாததுதான்.

நாலு நாள் கழித்துக் கூப்பிட்டு, சர்வர் விழுந்துவிட்டது என்றாய். சர்வர் எங்கே இருக்கும், எப்படி விழும் என்று எனக்குத் தெரியாது. நம்பிவிட்டேன். நம்பிவிட்டதாக வைத்துக்கொள்.

சபை எதில் நடக்கிறது என்று உனக்குத் தெரியாததா? ஆயருக்குச் சம்பளம் உண்டு. கோயிலைத் திறந்து பெருக்குகிறவருக்கு ஏதோ கொஞ்சம். மற்றதெல்லாம் யாரோ ஒருத்தர் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னதில்தான் ஓடுகிறது. பீடத்துக்குப் பூ, திருவிருந்துப் பாத்திரம் துலக்குவது, ஓய்வுநாள் பள்ளி, வேதபாடம் வாசிப்பது, காணிக்கை எண்ணுவது, சாவு வீட்டுக்கு முதல் ஆளாக ஓடுவது எல்லாம் அப்படித்தான். கோயில் வெஸ்ட்ரி அறையில் ஒட்டியிருக்கிற தாளில் பெயர் இருக்கும். பெயருக்கு உரியவர் வந்தால் ஆராதனை ஆராதனையாக இருக்கும். வராவிட்டால் அசடு வழிய வேண்டியதுதான்.

அப்பா 31 வருஷம் மணி அடித்தார். மழையில் கயிறு ஊறிவிட்டால் உள்ளங்கையைக் கிழிக்கும். ஒரு டிசம்பரில் காய்ச்சலோடு மப்ளரைச் சுற்றிக்கொண்டு போய் அடித்துவிட்டு வந்து படுத்தவர், இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அவர் உனக்குச் சொல்வாரே, மிஷனரி மெட்ஸ் ஐயர் கதை. பாசல் மிஷன்காரர்கள் 1846இல் கேத்திக்கு வந்தது, மெட்ஸ் ஐயர் படுகர் ஊர் ஊராக நடந்தே போனது, அவர்கள் பாஷையிலேயே பேசியது, வெகு வருஷம் ஒருத்தர்கூடச் சேராதது, ஆனாலும் அவர் மறுபடி மறுபடி போனது. அப்பாவுக்கு அந்தக் கதை என்றால் கண் கலங்கிவிடும். எனக்கு மட்டும் ஒரு கேள்வி உண்டு, கேட்டதில்லை: இப்படி நடந்துகொண்டே இருக்கிறவருக்கு வீட்டில் யாராவது காத்திருந்திருந்தால் அவர்கள் பாடு என்ன?

நீ அப்பாவைப் போலத்தான் இருந்தாய். அதைச் சொல்லாவிட்டால் பாவம். 2009இல் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தபோது, ரோடு எங்கே இருக்கிறது என்று தெரியாத சேற்றில், வாலிபர் சங்கத்தோடு போய் மூன்று நாள் அரிசி மூட்டை சுமந்தவன் நீ. போகிறேன் என்றாய், போனாய். அந்த மூன்று நாளில் உனக்கு அங்கே கிடைத்தது சளி மட்டும் இல்லை என்று அப்பா கடைசிவரை கேலி செய்வார். காயத்துக்குக் கட்டுப் போட வேலூரிலிருந்து வந்த பெண், நம் வீட்டில் ஈரத் துணியைக் காயப்போட இடம் கேட்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவள் எப்படி இருக்கிறாள்? மே மாதம் லீவு கிடைக்கவில்லை என்றாய். ஆகஸ்டிலும் கிடைக்கவில்லை என்றாய். நர்ஸ் வேலை அப்படித்தான்.

பாப்பா போன மாதம் என்னோடு பேசினாள். அம்மா போனிலிருந்துதான். "பாட்டி, இங்கே இரண்டு ஃபேன் இருக்கு, ஆனாலும் வேர்க்குது" என்றாள். பெங்களூரில் அக்டோபர் மாதம் வேர்க்கிறது என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன். பின்னால் சம்பந்தியம்மா குரல் மாதிரி கேட்டது. டிவியாக இருக்கும். அன்றைக்குப் புதன்கிழமை, பள்ளிக்கூட நாள். நான் எதுவும் கேட்கவில்லை. "நல்லா சாப்பிடுடா கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இப்போதும் கேட்கவில்லை. நான் சொல்ல வந்தது அறுப்பின் பண்டிகையைப் பற்றி.

பதினைந்தாம் சங்கீதம் உனக்கு ஏழு வயதில் மனப்பாடம். கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவன் யார் என்ற கேள்விக்கு அங்கே வருகிற பதில்களில் ஒன்று, ஆணையிட்டதில் நஷ்டம் வந்தாலும் தவறாதவன் என்பது. அந்த இடத்தில் நீ எப்போதும் "கஷ்டம் வந்தாலும்" என்று சொல்லுவாய். நான் ஸ்கேலால் மேசையைத் தட்டித் திருத்துவேன். இப்போது யோசித்தால் நீ சொன்னதும் சரிதான்.

ஒப்புக்கொண்டால் செய். முடியாவிட்டால் முடியாது என்று சொல். முடியாது என்று சொல்கிறவனைக் கர்த்தரும் கைவிடுவதில்லை, சபையும் கைவிடுவதில்லை. இதைப் பிள்ளைகளுக்கு 34 வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். கரண்ட் போய் வந்தது. இங்கே வரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும். இதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

1993 நவம்பர். குன்னூர் ரோட்டில் மரப்பாலம் என்கிற இடத்தில் மலை சரிந்த மாதம். மேட்டுப்பாளையம் போகிற வண்டி எல்லாம் குன்னூரை விட்டு நம் ரோட்டில் திரும்பியதால் பஸ் நிலையம் ஒரே கூட்டம், ஒரே சேறு. அப்பா வேலையாகக் கீழே போயிருந்தார். உனக்கு எட்டு வயது. "நாலு மணிக்கு பஸ் நிலையத்தில் நில், ஸ்வெட்டர் வாங்கப் போகலாம்" என்று காலையில் சொல்லி அனுப்பினேன். ஏழு மணிக்குத்தான் வந்தேன். டீக்கடைக்காரர் உன்னை உள்ளே உட்காரவைத்து ஒரு டீயும் வர்க்கியும் கொடுத்திருந்தார். வர்க்கியைப் பாதி தின்றுவிட்டு மீதியை எனக்கென்று கையிலேயே வைத்திருந்தாய், அது ஈரத்தில் கரைந்து போயிருந்தது. காலுறை சொட்டச் சொட்ட நின்றாய்.

கோயிலில் கூட்டம் முடிய நேரமாகிவிட்டது என்றேன். இத்தனை வருஷமும் அதைத்தான் சொல்லிவந்திருக்கிறேன். அது பொய், தம்பி. கூட்டம் நாலரைக்கே முடிந்துவிட்டது. ஏலக் கணக்கில் 40 ரூபாய் இடித்தது. அதை நேராக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். டீச்சரைப் போல உண்டா என்று நாலு பேர் சொல்லிவிட்டுப் போனார்கள், அது காதுக்கு இனிப்பாக இருந்தது. நீ நிற்பது எனக்கு ஞாபகமே இல்லை. மறந்துவிட்டேன். பெற்ற பிள்ளையை மூன்று மணி நேரம் மறந்துவிட்டேன், நாற்பது ரூபாய்க்கு.

நீ அழவில்லை. "பரவாயில்லைம்மா, கோயில் வேலைதானே" என்றாய். அந்த வார்த்தையை நான் சாட்சியாகப் பெண்கள் சங்கத்தில் சொன்னேன், பிள்ளை எப்படி வளர்ந்திருக்கிறான் பாருங்கள் என்று. நீயும் பக்கத்தில்தான் நின்றாய்.

அன்றைக்கு நீ என்ன கற்றுக்கொண்டாய் என்று இப்போது கணக்குப் போடுகிறேன். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னால் அது வாக்கு. வீட்டுக்குள் சொன்னால் அது சும்மா சொன்னது, வீட்டிலிருப்பவர்கள் எப்படியும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள். இதை உனக்கு வேறு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. உன்னை மட்டுமா காக்கவைத்தேன்? அப்பா எத்தனை ராத்திரி ஆறிப்போன சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டார். ஆனால் நீ ஒரு நாளும் கோயிலுக்குச் சொன்னதைத் தவறவிட்டவன் இல்லை. இப்போது அதையே தவறவிட்டிருக்கிறாய் என்றால், தம்பி, மற்ற இடத்தில்...

அதை விடு.

ஜனவரி முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை. வெஸ்லி ஐயர் 1755இல் தொடங்கியது, மெதடிஸ்டுகள் வழியாக நமக்கு வந்தது. கொடுத்த வாக்கை வருஷா வருஷம் ஏன் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று சின்ன வயதில் நீ கேட்டாய். மனுஷனுக்கு மறந்துபோகும், அதனால்தான் என்றேன். யாரைச் சொல்கிறேன் என்று தெரியாமலே சொல்லியிருக்கிறேன்.

ஆயர் ஐயாவுக்கு ஒரு போன் பண்ணிவிடு. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், பேச்சை மாற்றி உன் வேலையைப் பற்றிக் கேட்பார். ஆர்கன்காரருக்குக் கண் தெளிவாகிவிட்டது, கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவரே வாசித்துவிடுவார். ஆகவே நீ எதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம். சும்மா வா.

வருவதானால் கர்நாடகா வண்டிக்கு மலை ஏற இ-பாஸ் எடுத்துக்கொள், கேட்டில் நின்று சண்டை போடாதே. மைசூர் வழி என்றால் பந்திப்பூர் காட்டில் இரவு 9 மணிக்கு மேல் விட மாட்டார்கள். சேலம் வழியாகச் சுற்றி வந்தாலும் தப்பில்லை. கொஞ்சம் கூடுதல் தூரம்தான், ஆனால் வழியில் யாரையாவது ஏற்றிக்கொண்டு வருவதாக இருந்தால் அந்த ரோடுதான் வசதி. மேட்டுப்பாளையத்திலிருந்து நேராக நம் ரோட்டில் ஏறிவிடலாம். பாப்பாவுக்கு வளைவில் வாந்தி வரும், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்.

தலைகுந்தா பக்கம் இந்த வருஷம் உறைபனி சீக்கிரம் வரும் என்கிறார்கள். டிரங்க் பெட்டியைத் திறந்தேன். பெரிய கம்பளி இரண்டு, பாப்பாவின் சின்னது ஒன்று. எல்லாவற்றிலும் பாச்சை உருண்டை வாசம். எத்தனை கம்பளியை வெயிலில் போட வேண்டும் என்று மட்டும் எழுது. ஒன்று என்றாலும் எழுது, நான் ஏன் என்று கேட்க மாட்டேன். மூன்று என்றால் இப்போதே ஆரம்பிக்க வேண்டும். இங்கே வெயில் பதினோரு மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் போய்விடுகிறது.

அம்மா