மேகப் படமும் ஊருணி மழையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலம் பிறந்துவிட்டால் நாளிதழிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் செயற்கைக்கோள் படம் தினமும் வருகிறது. சிவகங்கை மாவட்டத்தின் மேல் சிவப்புத் திட்டு தெரிந்ததும் ‘காரைக்குடி, தேவகோட்டையில் கனமழை’ என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். மறுநாள் ஊருணியில் ஒரு படி கூட நீர் ஏறாதபோது வானிலைத் துறையின் மேல் பழி விழுகிறது. படம் சரியாகத்தான் இருக்கிறது. அதைப் படிக்கும் முறையைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

நாம் அதிகம் பார்ப்பது இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்திலிருந்து எடுக்கும் வெப்ப அகச்சிவப்புப் படம். ஒரு புள்ளி தரையில் 4 கி.மீ. அகலம். அந்தப் புள்ளியில் அளக்கப்படுவது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பது மட்டுமே. உயரம் கூடக்கூடக் குளிர் கூடும்; குளிருக்கு ஏற்றபடி கணினி நிறம் பூசுகிறது. மேகத்தின் அடியில் என்ன விழுகிறது என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. மொட்டைமாடியைப் பார்த்து அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று சொல்வது போன்ற வேலை அது.

இருந்தும் இந்த வெப்பநிலையிலிருந்து மழையைக் கணிக்க ஒரு பழைய, எளிய விதி உண்டு. உச்சி 235 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 38 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் அங்கே மணிக்கு 3 மி.மீ. மழை என்று கொள்வது. வரைபடத்தின் ஒரு கட்டத்தில் பாதிப் பரப்பு 4 மணி நேரம் அப்படி இருந்தால் 6 மி.மீ. பல மாவட்டங்களுக்கும் ஒரு மாதத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கணக்கு நன்றாகவே ஒத்துவரும். ஒரு ஊர், ஒரு மாலை என்று சுருக்கினால் காலை வாரிவிடும்.

காரணம் நம் ஊர் மழையின் இயல்பிலேயே இருக்கிறது. ஆடி, ஆவணி இடிமழையை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே மேற்கிலிருந்து வீசும் காற்று, 12, 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து பலத்த காற்று. இடிமேகத்தின் உச்சிப் பனித்துகளை அந்த உயரக்காற்று மேற்கே இழுத்துக் கூடாரம் போல விரிக்கும். படத்தில் அந்தக் கூடாரம் முழுவதும் சிவப்பு. கொட்டும் இடமோ பெரும்பாலும் அதன் கிழக்கு ஓரத்தில் சில கிலோமீட்டர்தான். பெய்து ஓய்ந்த பிறகும் கூடாரம் மணிக்கணக்கில் கலையாது. போதாக்குறைக்கு, செயற்கைக்கோள் தெற்கே பூமத்திய ரேகைக்கு மேலிருந்து சாய்வாகப் பார்ப்பதால், 15 கி.மீ. உயர உச்சி நம் பகுதியில் உண்மையான இடத்திலிருந்து 3 கி.மீ.க்கு மேல் வடக்கே தள்ளித் தெரியும். பள்ளத்தூருக்கும் கானாடுகாத்தானுக்கும் இடையே வேறுபாடு காட்ட அந்தப் படத்தால் முடியாது.

கார்த்திகை அடைமழையில் தவறு எதிர்த்திசையில் நடக்கும். வங்கக் கடலிலிருந்து வரும் தாழ்ந்த மேகங்கள் சில வேளை 5 கி.மீ. கூட எட்டுவதில்லை. அவற்றில் பனி இல்லை, துளியோடு துளி மோதிப் பருத்தே மழையாகின்றன. படத்தில் மங்கிய சாம்பல் நிறம். 235 கெல்வின் விதிப்படி மழை பூஜ்யம். தெருவிலோ முழங்கால் தண்ணீர்.

மழைத்துளியையே நெருங்கிப் பார்ப்பவை நுண்ணலைக் கருவிகளும் விண்வெளி ரேடாரும்தான். 1997 நவம்பரில் அமெரிக்காவும் ஜப்பானும் ஏவிய டிஆர்எம்எம் (வெப்பமண்டல மழை அளவீட்டுத் திட்டம்) செயற்கைக்கோளில்தான் முதல் மழை ரேடார் விண்ணுக்குப் போனது. அந்தத் திட்டத்தின் அறிவியல் பொறுப்பை நெடுங்காலம் சுமந்தவர் அமெரிக்க வானிலை அறிஞர் ஜோன் சிம்சன். 2014 பிப்ரவரியில் டிஆர்எம்எம்மின் வாரிசாக ஜிபிஎம் (உலக மழை அளவீட்டுத் திட்டம்) செயற்கைக்கோள் வந்தது. 13.6, 35.5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் மேகத்தை மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக அறுத்துப் பார்க்கிறது. ஆனால் அது காணும் பாதை 245 கி.மீ. அகலம்தான், நம் தலைக்கு மேல் எப்போதாவதுதான் கடக்கும். இடைவெளிகளைப் பிற நாட்டுச் செயற்கைக்கோள்களின் நுண்ணலை அளவுகளும் அகச்சிவப்புப் படங்களும் நிரப்ப, அரை மணிக்கு ஒருமுறை, 11 கி.மீ. கட்டங்களாக ஐமெர்ஜ் என்ற தரவு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. நாமும் 2011 அக்டோபரில் பிரான்சோடு சேர்ந்து மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளை அனுப்பினோம். அதிலிருந்த மழை காணும் நுண்ணலைக் கருவியின் பெயரே ‘மெட்ராஸ்’. 2013 ஜனவரியில் அந்தக் கருவி செயலிழந்தது பேரிழப்பு. வெப்பமண்டல மழைக்கென்றே அப்படியொரு கருவியை நாம் மறுபடியும் அனுப்ப வேண்டும்.

நுண்ணலைக்கும் ஒரு குறை உண்டு. கடல் நுண்ணலையில் மங்கலாகத் தெரிவதால் அதன்மேல் மழை பளிச்சென்று துலங்கும். நிலம் தானே பிரகாசமாக இருப்பதால் துளிகளின் ஒளி அதில் கரைந்துவிடும். மேலே உள்ள பனித்துகள் சிதறடிப்பதை வைத்தே ஊகிக்க வேண்டும். பனியில்லாத கார்த்திகை மழை இங்கும் தப்பிவிடுகிறது. சரி, தரை ரேடார்? காரைக்கால் டாப்ளர் ரேடார் நமக்குச் சுமார் 150 கி.மீ. தொலைவு. அதன் மிகத் தாழ்ந்த கதிர்கூட, பூமி வளைவதால், காரைக்குடிக்கு வரும்போது இரண்டரை கி.மீ. உயரத்தில் போகிறது.

ஆகவே தரையில் அளப்பவர் வேண்டும். ஐமெர்ஜின் இறுதிப் பதிப்பே மழைமானி அளவுகளோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்ட பிறகுதான் வெளிவருகிறது. காலநிலை ஆய்வுக்கு இது இன்னும் முக்கியம். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அந்த ஈரம் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ.யாகக் கொட்டினால் வரத்துக்கால் வழியே ஓடி ஊருணி நிறையும். இரண்டு நாள் தூறலாக வந்தால் பெரும்பகுதியை மண் குடித்துவிடும். ஆண்டு மொத்தம் ஒன்றாக இருந்தாலும் கண்மாய்க்கு அவை இரண்டும் வேறு வேறு.

நம் பள்ளிகளிலும் வீடுகளிலும் மழைமானி வைக்கச் செலவு அதிகமில்லை. உள்விட்டம் 16 செ.மீ. உள்ள புனல், அடியில் 5 லிட்டர் எண்ணெய் கேன். வாயின் பரப்பு 201 சதுர செ.மீ.; எனவே 20 மி.லி. தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மி.லி. சிரிஞ்சு ஒரு முறை நிறைந்தால் ஒரு மில்லிமீட்டர், ஒரு லிட்டர் 50 மி.மீ. புனலின் மேல் ஒரு சாண் உயரத்துக்குக் குழாய்த் துண்டைப் பொருத்தினால் துளி தெறித்து வெளியேறாது; அப்போது மழையைப் பிடிப்பது குழாயின் வாய்தான். கடையில் 160 மி.மீ. பிவிசி குழாய் என்று விற்பது வெளிவிட்டக் கணக்கு. உள்விட்டத்தை அளந்து பாருங்கள். 15 செ.மீ. இருந்தால் 17.7 மி.லி.தான் ஒரு மில்லிமீட்டர். இதைக் கவனிக்காவிட்டால் எட்டில் ஒரு பங்கு மழை கணக்கில் காணாமல் போகும்.

மழைமானியை வளவு முற்றத்தில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், வைக்கவே கூடாது. நாற்புறமும் கூரை, சாய்ந்து வரும் மழையை மறைக்கும், ஓட்டு விளிம்பிலிருந்து வழிவது உள்ளே விழும். மொட்டைமாடியில் காற்று துளிகளை வாய்க்கு மேலேயே அடித்துக்கொண்டு போகும். வெட்டவெளியில், பக்கத்துச் சுவரின் உயரத்தைப் போல் இரு மடங்கு தள்ளி, வாய் மட்டமாக, தரையிலிருந்து 30 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். வேப்பஞ்சருகு புனலை அடைக்கும். வாரம் ஒருமுறை பாருங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு அளக்க வேண்டும். பெய்யாத நாளில் 0 என்று எழுதுங்கள்; வெற்றிடம் விட்டால் பெய்யவில்லையா, அளக்கவில்லையா என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

செயற்கைக்கோளோடு ஒப்பிடுபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் நேரம். ஐமெர்ஜின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் காலை 5.30க்குத் தொடங்குகிறது, மழைமானியின் நாள் 8.30க்கு. 5.30க்கும் 8.30க்கும் இடையே பெய்யும் மழை இரண்டிலும் வெவ்வேறு தேதியில் விழும். அரைமணித் தரவை 8.30 முதல் 8.30 வரை கூட்டிக்கொண்டால் இந்தக் குழப்பம் தீரும்.

தங்கள் நாளிதழிடம் கேட்பது இவ்வளவுதான். செயற்கைக்கோள் படம் வெளியிடும்போது அது வெப்பப் படமா, ஒளிப்படமா, எடுத்த நேரம் எது, எந்த நிறம் எத்தனை டிகிரி என்பதை அடியில் ஒரு வரியில் தாருங்கள். பக்கத்திலேயே அன்று காலை 8.30 மணி வரையிலான மழையளவை ஊர்வாரியாக, பெய்யாத ஊர்களின் பூஜ்யத்தையும் விடாமல் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர்கள்,
கானாடுகாத்தான்.