மாதிரி விமானக் கழகச் செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மைதான வாடகை ஏறியிருக்கிறது, சந்தா ஏறவில்லை என்பதை மட்டும் நினைவூட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு நம் பட்டறையில் அதிகம் நடந்தது எரிபொருள் டேங்க் வேலைதான். கயிற்றில் பிடித்து நம்மைச் சுற்றிப் பறக்கவிடும் கன்ட்ரோல் லைன் விமானத்தைத் தலைகீழாகத் திருப்பியதும் இன்ஜின் இருமி நின்றுவிடுகிறது என்பது பழைய புகார். எல்லோரும் முதலில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வைத்தான் திருகுவார்கள். கோளாறு பெரும்பாலும் டேங்க்குக்குள் இருக்கிறது.

காக்ஸ் நிறுவனத்தின் 0.8 சி.சி. இன்ஜின்களை எடுத்துக்கொள்வோம். பேப் பீ மாடலில் காற்றுத்துளைகள் டேங்க்கின் சுவரோடு முடிந்துவிடும். குப்புறக் கவிழ்த்தால் எரிபொருள் அந்த வழியே ஒழுகும். கோல்டன் பீ, பிளாக் விடோ இரண்டிலும் காற்றுக்குழாய் டேங்க்குக்குள் நீண்டிருக்கும். அதையே நாமும் செய்தோம்: மெல்லிய பித்தளைக் குழாயை டேங்க்கின் நடுப்பகுதி வரை நுழைத்து எபாக்சி வைத்து அடைத்தோம். இந்த டேங்க்குகள் அலுமினியம்; அதில் ஈயப் பற்று எளிதில் பிடிக்காது.

அடுத்தது, டேங்க்கிலிருந்து எரிபொருளை இன்ஜினுக்கு எடுக்கும் உறிஞ்சு குழாய். 13 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 65 கி.மீ. வேகத்தில் சுற்றும்போது எரிபொருள் வெளிப்பக்கம் தள்ளப்படும் விசை, ஈர்ப்பு விசையைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கயிறு இடது இறக்கையில் இருப்பதால், நேராகப் பறந்தாலும் தலைகீழாகப் பறந்தாலும் வெளிப்பக்கம் என்பது வலது பக்கம்தான். எனவே குழாயின் வாய் டேங்க்கின் அடியில் இருக்கக் கூடாது. வலது சுவரை ஒட்டி, பாதி உயரத்தில் இருக்க வேண்டும். இதை மட்டும் மாற்றியே பலருடைய இன்ஜின்கள் சரியாகிவிட்டன.

பெரிய இன்ஜின்களுக்கு நெய் டின் தகரத்தில் ஆப்பு வடிவ டேங்க் செய்தோம். காற்றுக்குழாயின் உள்முனையை உறிஞ்சு குழாயின் வாய்க்கு அருகே கொண்டுவந்து வைத்ததில், டேங்க் நிறைந்திருக்கும்போதும் வற்றும்போதும் இன்ஜின் ஒரே சீராக ஓடுகிறது. நிரப்பியதும் வழிவுக் குழாயை மூடிவிட வேண்டும்; மறந்தால் பலன் இல்லை. ஈயம் வைத்துப் பற்றவைத்த டேங்க்கை, பஞ்சர் கடைக்காரர் டியூப்பைப் பார்ப்பதுபோல, தண்ணீரில் அமுக்கி ஊதிப் பார்ப்பது கட்டாயம். பற்றவைக்கப் பூசிய ரசாயனத்தை வெந்நீரில் கழுவாவிட்டால் துரு பிடிக்கும், துகள் போய் நீடிலை அடைக்கும்.

டேங்க்கின் உயரத்தை ஸ்டாப்வாட்ச் வைத்துச் சரிசெய்யலாம். தலைகீழ்ச் சுற்று நேர்ச் சுற்றைவிட வேகமாக முடிந்தால் டேங்க்கைச் சற்று இறக்குங்கள். மெதுவாக முடிந்தால் மெல்லிய பிளைவுட் துண்டு வைத்து ஏற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் மாற்ற வேண்டாம்.

மின் மோட்டார் பறக்கவிடும் இளைஞர்கள் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். பேட்டரிக்கு மேலும் கீழும் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்கள் வந்தபோது, கூட்டம் கூடியது எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெய்ப் புகை வாசம் வந்த பக்கம்தான்.

எரிபொருள் பற்றிக் கண்டிப்பாக ஒரு வார்த்தை. அதில் உள்ள மெத்தனால் அரசின் உரிமக் கட்டுப்பாட்டில் உள்ள நஞ்சு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்ததற்குப் பிறகு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதை நிர்வாகக்குழு தடை செய்திருக்கிறது. அலமாரிச் சாவி பட்டறைப் பொறுப்பாளரிடம் மட்டுமே இருக்கும், எடுப்பவர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். மெத்தனால் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பயன்படுத்திய டேங்க்கை நன்றாக அலசி உலர்த்தாமல் ஈயப் பற்று வைக்கவே கூடாது.

வரும் ஆண்டில் ரேடியோ விமானப் பிரிவினர் கேட்டபடி, எடை கட்டிய சிலிக்கோன் குழாய் டேங்க்கிலும் பயிற்சி நடத்துவோம். புதிய ஈயப்பற்றுக் கோல் வாங்க ஒப்புதல் வேண்டும்; பழையது சூடேறுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடுகிறது.

அறிக்கையை ஏற்று, சந்தா உயர்வுத் தீர்மானத்தை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்